ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் "மோட்டார் போயிடுச்சு". அடுத்தது, "வேணும்னா டைரக்ட் குடுத்துடலாம்", அதாவது ஃபேனை நேராக இக்னிஷனோடோ ஒரு ஸ்விட்சோடோ இணைத்துவிடலாம் என்று. என் காருக்கும் இரண்டையும் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டாமல் காரைத் திரும்பக் கொண்டுவந்து நானே உட்கார்ந்து பார்த்தேன். மோட்டார் நன்றாகவே இருந்தது. கோளாறு இருந்தது மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கனெக்டருக்குள்ளே, மூடியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதைத் தேடிப் பிடித்த வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் எலக்ட்ரிக் ஃபேன் வைத்த பெரும்பாலான கார்களில் இதைச் செய்யலாம்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்து இல்லை, ஏசியால். வண்டி ஓடும்போது ஜில்லென்று காற்று வரும், நெரிசலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றாகிவிடும், மறுபடி நகர்ந்தால் மறுபடி குளிர்ச்சி. ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது, பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃபேன்தான் காற்றை இழுக்கிறது. ஃபேன் நின்றால் கண்டென்சரில் அழுத்தம் ஏறுகிறது, ஒரு கட்டத்தில் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. இதைக் கேஸ் குறைவு என்று எண்ணி ஏசி கேஸ் நிரப்பப் போகிறவர்கள் நிறைய. இன்ஜின் சூடாவதற்கு முன்பே ஃபேன் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி இது, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

டாஷ்போர்டு முள்ளை ரொம்ப நம்பவும் வேண்டாம். பல புதிய கார்களில் அந்த முள் சுமார் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பயப்படக் கூடாது என்று. முள் நகர ஆரம்பிக்கும்போது விஷயம் முற்றியிருக்கும். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சொருகும் சின்ன ஓபிடி ரீடர் ஒன்று இருந்தால் கூலன்ட்டின் உண்மையான வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எப்போது சூடாகிறது என்பதையும் கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை, அதாவது ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது ஏறினால் ஃபேனைத் தொட்டே பயனில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது கூலன்ட் சரியாகச் சுற்றி வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்: தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முழுதாகத் திறக்கவில்லையா, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா, வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கிறதா. சில பழைய வண்டிகளிலும் கனரக வண்டிகளிலும் ஃபேன் பெல்ட்டில் ஓடும், நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். அது வேறு கதை.

கை வைக்கும் முன் இரண்டு விஷயம். எலக்ட்ரிக் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும், பல கார்களில் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இறக்கைக்கு நடுவே விரல் போகும் முன் ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கூலிங் சிஸ்டம் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் மூடிக்கிடக்கிறது, அந்த அழுத்தம்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கக் காரணம். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஹீட்டர் கோர் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், அதற்கு உள்ளே தனி ஃபேன் இருக்கிறது, கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும். ஃபேன் சரிசெய்கிற செலவு எங்கே, அது எங்கே.

சரி, தேடலுக்கு வருவோம். மீட்டரை எடுப்பதற்கு முன் கூலன்ட் அளவைப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று தங்கிவிட்டால் சென்சார் உண்மையான சூட்டைப் படிக்காது, இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஈசியுவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) "எல்லாம் நலம்" என்று சேதி போகும், ஃபேனும் வராது. ஃபேன் சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லாமலேயே ஃபேன் ஓடாத நிலை இது.

அப்புறம் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஃபேனும் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார், வயர், ஃப்யூஸ், ரிலே எல்லாம் ஓரளவு தப்பித்தன. சூடு ஏறியதைச் சொல்லும் பக்கத்தில்தான் கோளாறு. ஓடவில்லை என்றால் மட்டும் உடனே முடிவு கட்டாதீர்கள், ஏசியில் கேஸ் இல்லாமல் கம்ப்ரசரே ஓடாமல் இருந்தாலும் ஃபேனுக்குக் கட்டளை போகாது. இரண்டு ஃபேன் உள்ள கார்களில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தனித்தனியாகப் பாருங்கள்.

சூட்டைச் சொல்லும் பக்கம் என்றால் கூலன்ட் சென்சார். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியைத் தாண்டும்போது சில நூறு ஓம், இப்படித்தான் பல சென்சார்கள் இருக்கும். சரியான எண்ணுக்கு உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்க வேண்டும். சுலபமான சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றினால், பல ஈசியுக்கள் "சென்சாரைக் காணோம், எதற்கும் ஃபேனைப் போட்டுவிடுவோம்" என்று ஃபேனை ஓடவிடும். ஓடினால் ஈசியுவிலிருந்து ஃபேன் வரை பாதை நல்லது. இதைச் செய்தால் ஒரு கோளாறு கோட் பதிவாகும், பிறகு அழித்துக்கொள்ளலாம். பழைய கார்களில் ரேடியேட்டரிலேயே ஒரு தெர்மோ ஸ்விட்ச் திருகியிருக்கும், அதற்கு வரும் இரண்டு வயரையும் ஒன்றாகத் தொட வைத்தால் ஃபேன் ஓட வேண்டும்.

என் காரில் ஏசி போட்டாலும் ஓடவில்லை, சென்சாரைக் கழற்றினாலும் ஓடவில்லை. ஆக, கரண்ட் போகும் பாதை.

ஃப்யூஸ் பார்ப்பது எளிது. ஃபேனுக்கு 30 அல்லது 40 ஆம்பியர் மாதிரிப் பெரிய ஃப்யூஸ் இருக்கும். அது போயிருந்தால் புதிது போட்டு ஓடிவிடக் கூடாது, ஏன் போனது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. இறுகிப்போன மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்திருக்கலாம், வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டிருக்கலாம். ஒரு அளவு பெரிய ஃப்யூஸ் போடும் வழக்கம் இருக்கிறதே, அது வயரையே ஃப்யூஸாக்கும் வேலை.

ரிலே என்பது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். அதில் 85, 86 என்ற இரண்டு கால்கள் உள்ளே இருக்கும் காயிலுக்கு, 30, 87 என்ற இரண்டும் பெரிய கரண்ட்டுக்கு. 30க்கு பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்க வேண்டும், காயில் இழுத்ததும் அது 87 வழியாக ஃபேனுக்குப் போக வேண்டும். ரிலே "டிக்" என்று சத்தம் போடுகிறது, அதனால் நல்லது என்று சொல்வதை ஏற்காதீர்கள். சத்தம் காயில் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தால் சத்தம் வரும், கரண்ட் போகாது. பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால், பல கார்களில் ஹாரன் ரிலே அப்படி இருக்கும், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் ரிலேயைக் கழற்றி, 30, 87 இரண்டு துளைகளையும் ஃப்யூஸ் வைத்த தடிமனான வயரால் சில நொடி இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் ரிலேயிலோ ரிலேயை இயக்கும் கட்டளையிலோ குறை. ஓடாவிட்டால் ரிலேக்குப் பிந்திய பாதையில்.

எனக்கு ஓடவில்லை. காதை வைத்துக் கேட்டால் மெல்ல ஒரு முனகல், இறக்கை அரை இஞ்ச் அசைந்து நின்றது.

இந்த இடத்தில்தான் பலரும் மோட்டாருக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். நடப்பது இதுதான்: ஃபேன் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் மீட்டரை வைப்பார்கள், 12.5 வோல்ட் காட்டும். "வோல்டேஜ் வருது, ஃபேன் ஓடல, அப்போ மோட்டார் டெட்". கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. என் காரைப் பார்த்தவரும் இதைத்தான் செய்தார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மீட்டர் காட்டியது பொய்யும் இல்லை. ஆனால் மல்டிமீட்டர் கரண்ட்டை இழுக்காது. அதன் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் அளவு. முக்கால்வாசி அறுந்து, ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர் வழியாகக்கூட அதற்கு முழு 12 வோல்ட் வந்து சேரும். மோட்டாருக்கோ 15 ஆம்பியர் வேண்டும். அந்த ஒரு இழையால் அதைக் கொடுக்க முடியாது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நன்றாக ஓடும் மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனெக்டரில் வெறும் 0.1 ஓம் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் வந்தால் அங்கேயே 1.5 வோல்ட் போய்விடும். அந்தச் சின்ன இடத்தில் 22 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும், கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்னைக் கனெக்டருக்குள் சொருகி வைத்த மாதிரி. அந்தச் சூட்டில் டெர்மினலின் ஸ்பிரிங் இறுக்கம் போகும், இறுக்கம் போனதும் ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், அது இன்னும் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். இந்த 0.1 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பிடிக்கவும் முடியாது, மீட்டரின் சொந்த வயரே அதைவிட அதிகம் காட்டும்.

அதனால் வோல்டேஜை எப்போதும் கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, ஃபேனுக்குக் கரண்ட் போகும்போதே பார்க்க வேண்டும். கனெக்டரின் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசி முனையைச் செருகி அளந்தேன். மோட்டாரின் நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம், ஆக எர்த் நல்லது. இதை யாரும் விட்டுவிடக் கூடாது, பாடியில் எர்த் போல்ட் துருப்பிடித்து ஃபேன் நிற்பது அபூர்வம் இல்லை. பாசிட்டிவ் பக்கம் கனெக்டருக்குள் நுழையும் வயரில் 12 வோல்ட்டுக்குப் பக்கம். கனெக்டரைத் தாண்டி மோட்டாருக்குப் போகும் வயரில் 4 வோல்ட்டுக்கும் கீழே. இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு விரல் அகலம் தூரம்தான், அதற்குள் 8 வோல்ட் காணாமல் போகிறது. நல்ல சர்க்யூட்டில் பாசிட்டிவ் பக்கம் மொத்தமாக அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது, நெகட்டிவ் பக்கமும் அப்படியே.

கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பெண் டெர்மினல் (பின் நுழையும் குழி) ஒன்று கருத்து வாய் விரிந்திருந்தது, சுற்றிலும் பிளாஸ்டிக் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது.

மீட்டர் இல்லை என்றால் டெஸ்ட் லாம்ப்பும் இதில் நல்ல துணை, பழைய ஹெட்லைட் பல்ப் என்றால் இன்னும் நல்லது. 55 வாட் பல்ப் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கனெக்டரில் மாட்டி அது மங்கலாக எரிந்தால் பாதையில் குறை என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் இதை ஈசியு சிக்னல் வயரில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், ஈசியுவுக்குள் அந்த வயரை இயக்கும் சர்க்யூட் போய்விடும்.

மோட்டாரை விசாரிக்காமல் விடவும் கூடாது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தடிமனான வயர் இரண்டு நேராக மோட்டாருக்குக் கொடுத்தேன், முழு வேகத்தில் சுற்றியது. அதோடு நிறுத்தாமல் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்த்தேன் (வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசைக் கரண்ட்டை மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் இதற்கு உதவாது). இது முக்கியம். மோட்டாரின் அச்சு சுழலும் புஷ் இறுகி அது 15க்குப் பதில் 25 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் கனெக்டர் உருகியதற்கு அந்த மோட்டாரே காரணம், புதுக் கனெக்டரும் சில மாதத்தில் உருகும். என்னுடையது அளவோடுதான் இழுத்தது. கனெக்டர் கழன்றிருக்கும்போது இறக்கையைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் ஓடி நிற்க வேண்டும், அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது. மோட்டார் முதுகில் லேசாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போது மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழுது பார்த்தது பெரிய வேலை இல்லை. கருகிய டெர்மினலைச் சுரண்டி, இடுக்கியால் இறுக்கி, திரும்ப மாட்டும் எண்ணமே வேண்டாம், ஒருமுறை சூட்டில் இறுக்கம் இழந்த உலோகம் திரும்பாது. அதே வகைக் கனெக்டர் வயரோடு கிடைக்கிறது, இரண்டு பக்கமும் மாற்றினேன், ஏனென்றால் ஆண் பின்னும் கருத்திருந்தது. வயரைக் கறுப்பு நிறம் ஏறாத நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, பழைய வயரின் தடிமனுக்குக் குறையாத வயர் எடுத்து, சரியான கிரிம்ப் கருவியால் நசுக்கி, மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது. ரேடியேட்டர் பக்கத்தில் சூடு, அதிர்வு, மழைத் தண்ணீர் மூன்றும் இருக்கிறது, டேப்பின் பசை இளகிவிடும். வயரை ஃபேன் கூட்டிலேயே கட்டி வைத்தேன், ஆடி ஆடிக் கனெக்டரை இழுக்காதபடி.

இப்போது அந்த "டைரக்ட்" பற்றி. ஃபேன் வயரை இக்னிஷனோடு சேர்த்துவிடுவது அல்லது டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துவிடுவது. வழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர இதைச் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரமாக விடுவதைத்தான் எதிர்க்கிறேன். ஃபேன் எப்போதும் ஓடினால் இன்ஜின் குளிர்ந்தே கிடக்கும் என்று ஒரு பயம் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, சூடாகும் வரை அது ரேடியேட்டருக்கு வழியே விடாது. என் கவலை வேறு. இக்னிஷன் வயர் 15 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்க அமைக்கப்பட்டதே இல்லை, ஸ்விட்சின் உள்ளே கருகும். பல இடங்களில் நடுவே ஃப்யூஸ் வைப்பதில்லை, மோட்டார் இறுகும் நாளில் வயர் தீப்பிடிக்கும். நிமிடக்கணக்கில் ஓட வேண்டிய மோட்டார் மணிக்கணக்கில் ஓடிச் சீக்கிரம் தேயும். ஸ்விட்ச் வைத்தாலோ, நெரிசலில் குழந்தை அழும்போது, போன் அடிக்கும்போது, அதைப் போட ஒருவர் மறந்தால் போதும். கார் வேறு கைக்கு மாறும்போது அந்த ஸ்விட்ச் எதற்கு என்றே வாங்கியவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, என் காரில் அதே கனெக்டர் வழியாக டைரக்ட் கொடுத்திருந்தால் அப்போதும் ஓடியிருக்காது, உருகிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

வேறு சில வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான வேகத்தில் ஓடாமல், ரொம்பச் சூடானதும் மட்டும் திடீரென்று முழு வேகத்தில் ஃபேன் வந்தால், இரண்டு வேகம் உள்ள அமைப்புகளில் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும், மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. சாவியை எடுத்தும் நிற்காமல் பேட்டரி தீரும் வரை ஓடினால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வண்டி ஓடும் நேரமெல்லாம் ஃபேனும் ஓடினால் சென்சார் வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்களில் பிரஷ் இல்லாத மோட்டாரும் அதனோடு ஒட்டிய கன்ட்ரோல் மாட்யூலும் வருகின்றன, பிடபிள்யூஎம் சிக்னலால் (வேகமாக விட்டு விட்டு வரும் மின்துடிப்பு) வேகம் மாறும். அவற்றை நேராக பேட்டரி கொடுத்துச் சோதிக்க முடியாது, ஸ்கேனரில் ஃபேனை ஓடச்சொல்லும் ஆக்டிவ் டெஸ்ட் இருக்கும், அதுதான் வழி. ஸ்கேனரில் பி 0480, பி 0481 என்று வந்தால் ஃபேன் கன்ட்ரோல் சர்க்யூட், பி 0117, பி 0118 என்றால் கூலன்ட் சென்சார் சர்க்யூட். கோட் சொல்வது சர்க்யூட்டை மட்டும்தான், அதைப் பார்த்தவுடன் அந்தப் பொருளை வாங்கப் போய்விட வேண்டாம்.

மோட்டாரையே மாற்றும்படி ஆனால் வயர் மாறிப்போகாமல் பாருங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் சாதாரண பிரஷ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், ஃபேன் ஓடுகிறது என்று நாம் திருப்தியாக இருப்போம், காற்று எதிர்க்காற்றோடு மோதிக்கொண்டிருக்கும். இன்ஜின் பக்கம் இருக்கும் ஃபேன் என்றால் ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது கிரில்லோடு ஒட்ட வேண்டும். இறக்கையைப் பிடிக்கும் நட்டு சில மோட்டார்களில் எதிர்மரையாக இருக்கும், பலம் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டைத் திரும்ப மாட்டாமல் விடக் கூடாது, அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும். கழற்றியது கழற்றியாகிவிட்டது, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்திருக்கும் தூசி, பூச்சி, சருகு எல்லாவற்றையும் மெதுவான தண்ணீரால் கழுவிவிடுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் ஃபின் எனும் மெல்லிய தகடுகள் மடங்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ரீடரைப் பார்த்தபடி காரை ஐடிலில் விட்டேன். 97 டிகிரியில் ஃபேன் வந்தது, 92க்கு இறங்கியதும் நின்றது, மறுபடி ஏறியதும் மறுபடி வந்தது. இந்த எண்கள் காருக்குக் கார் மாறும், ஆனால் வருவதும் நிற்பதும் மாறி மாறி ஒழுங்காக நடக்க வேண்டும், ஒருமுறை வந்ததைப் பார்த்துவிட்டு போனட்டை மூடக் கூடாது. ஃபேன் ஓடும்போது கனெக்டரின் இரு பக்கத்தையும் மறுபடி அளந்தேன், வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. ஏசியையும் போட்டுக் கால் மணி நேரம் நிற்கவிட்டு, இன்ஜினை நிறுத்தி, ஃபேன் கனெக்டரை விரலால் தொட்டுப் பார்த்தேன், பக்கத்து வயரை விடச் சூடாக இல்லை. மறுநாள் காலையில் ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு அதே கோட்டில் இருந்தது. அடுத்த சர்வீஸில் அந்தக் கனெக்டரை ஒருமுறை கழற்றி உள்ளே நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.